மச்சான் சாம்பிள் பார்த்த மாத்திரை

ஐப்பசி 5, திங்கள்
காலையிலிருந்து தூறல். குரங்கணிப் பாதையில் ஜீப் கவிழ்ந்து இரண்டு மாதம். இடுப்பு தேவலை. கால் நடக்கிறது. மூத்திரம் மட்டும் தானாக வருவதில்லை. வேளாவேளைக்கு ரப்பர் குழாய். கொதிக்க வைப்பது, சொருகுவது எல்லாம் செல்லம்மா. கட்டிய மனைவிதான், ஆனாலும் மானம் போகிறது.

டாக்டர் புது மாத்திரை கொடுத்தார். பாதிதான் போட வேண்டுமாம். "அடிபட்டது நரம்பு. மூத்திரப் பையோட தசை நல்லாத்தான் இருக்கு. நரம்பு முனையில சுரக்குற ஒரு சத்துதான் தசைக்குச் சேதி. அது வராமக் காத்துக்கெடக்குற தசை, அந்தச் சத்து மாதிரியே இருக்குற இந்த மருந்து துளி பட்டாலும் துள்ளும். மத்தவங்களுக்கு இந்த அளவு ஒண்ணும் செய்யாது."

நம்பிக்கை பாதி. பயம் முழுசு. ஆயுசுக்கும் குழாயோ?

ஐப்பசி 6, செவ்வாய்
வாங்க: பல்பொடி, மண்ணெண்ணெய்.

மச்சான் வந்தார். செல்லம்மாவின் அண்ணன், ஏலக்காய் வியாபாரி. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். சாம்பிள் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். மாத்திரையை மோந்து பார்த்தார். முழுசாக ஒன்றை விழுங்கினார். வெற்றிலை போட்டபடி காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

"பொக்குக் காய் மாப்ளே! உள்ள ஏல அரிசியே இல்ல. ரெண்டாப் போடுங்க."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"டாக்டரு கெடக்காரு. தின்னு பாத்தவன் நானு."

ஐப்பசி 7, புதன்
நல்ல வெயில். இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டு, மச்சான் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குப் போனேன். முதல் தர ஏலக்காய் மூட்டை மேல் உட்கார வைத்தார். காப்பி சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை.

காது மடல் சுட்டது. வேர்த்து ஊற்றியது. அடிவயிறு இறுக்கிப் பிடித்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. தானாக! குழாய் இல்லாமல்!

"எந்திரிங்க மாப்ளே, வெரசா! மொதத் தரம்யா அது!"

எழுந்தால் பாதியில் நின்றுவிடுமோ என்று பயம். முடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

ஐப்பசி 8, வியாழன்
டாக்டர் திட்டினார். பிறகு சிரித்தார். "நரம்பு நல்லா இருக்குறவர் தின்னு பாத்தா என்னய்யா தெரியும்?"

இனி பாதிதான். வீட்டுக்கு வந்ததும் போட்டேன். கொல்லையில் நின்றபடி, நானே. அளவாக. செல்லம்மா குழாயை ஆணியில் மாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பாயசம். வாசம் தெருவைத் தூக்கியது. இரண்டாவது டம்ளரும் முடிந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது, ஏலக்காய் ஏது என்று.

"எங்கண்ணன் குடுத்துவிட்டுச்சு. ஒரு படி, சும்மாவே! நீங்க என்னமோ கருமின்னு சொல்லுவீகளே!"