காலையில் போட்ட சட்டை

அம்மாவுக்கு,

சித்தி வீட்டில் நீ நிம்மதியாகத் தூங்குவாய் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு சேதி. இன்று நான் சட்டையைக் காலையில் போட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, கல்லூரி ஆன்லைனுக்கு மாறிய பிறகு காலர் சட்டையோடுதான் படுப்பேன். விழித்ததும் கேமராவைத் தட்டினால் போதும், வகுப்பில் ஆஜர். "உங்க ரெண்டு பேரையும் எழுப்பி எழுப்பியே என் ஆயுசு போச்சு" என்று என்னையும் அப்பாவையும் திட்டிவிட்டு நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றும் அதே கசங்கிய சட்டைதான்.

இப்போது லேப்டாப் உன் இஸ்திரி மேசைமேல் இருக்கிறது. நின்றுகொண்டே பாடம் கேட்கிறேன். நின்றபடி தூங்க நான் என்ன குதிரையா? பொழுது சாய்வதற்குள் கால் கடுத்துவிடுவதால், படுத்ததும் கண் சொக்குகிறது. ராத்திரி நோண்டாமல் இருக்க, போனை அப்பாவின் அலமாரியில் பூட்டிவிடுகிறேன்.

இன்று கேமராவைப் போட்டதும் பேராசிரியர் உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, கன்னத்துல தலையணை பதிஞ்ச கோடே காணோம்?"

வகுப்பே சிரித்தது. அவர் கேட்ட முதல் கேள்விக்கு நான்தான் முதலில் பதில் சொன்னேன். சரியான பதில்.

அப்பாவையும் நான்தான் எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே, "அவ வந்துட்டாளா?" என்றார். "எந்திரிங்கப்பா, நடக்கப் போலாம்" என்று பேச்சை மாற்றிவிட்டேன். தெருமுனை வரை போய் வந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

அம்மா, இனி இந்த வீட்டில் நீ யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. சும்மா வா. வந்து நீ நன்றாகத் தூங்கு. நாங்கள் விழித்திருக்கிறோம்.

தானாகவே எழுந்த,
உன் மகன்