உள்முற்றத்திலிருந்து ஒரு குரல்

அன்பு மனைவி தூடாவுக்கு,

லாசன் எழுதுவது. இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் விட்டதா?

வெள்ளிக்கிழமை பேக்கரிக்கு விடுமுறை. அறையில் தனியாக எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? இந்த மெக்னெஸ் நகரத்தில் பழைய மந்திரி ஒருவரின் அரண்மனையை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்கே போனேன். பெண்கள் வாழ்ந்த உள்முற்றத்து வாசலில் என் கால் தானாக நின்றுவிட்டது. நம்மூர் வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு, "வீட்ல யாருங்க? உள்ள வரலாமா?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன்!

காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், அந்தப் பொம்பளைங்க எல்லாம் செத்து நூறு வருஷமாச்சுய்யா!"

அப்போது உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "வாப்பா, வா. உன் வீடு மாதிரி நெனச்சுக்க" என்று பதில் கொடுத்தாள்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் உள்ளே வா என்று சொன்னதில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கண்ணில் தூசி, வேறொன்றுமில்லை.

இதைக் கொண்டுவரும் பஸ் டிரைவரிடமே கம்பளிக் காலுறையும் நம் வீட்டு வெண்ணெயும் கொடுத்தனுப்பு. பெருநாளுக்கு வரும்போது நம் வாசலிலும் குரல் கொடுப்பேன். சொந்த வீட்டுக்கு எதற்கு என்று சிரிக்காதே. கதவைத் திறக்கும் முன் ஒருமுறை "வாங்க" என்று சொல்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

உன்
லாசன்