நாக்கு நீட்டிய லேப்டாப்

ராஜபாளையம்
12.7.98

அன்புள்ள முத்துப்பேச்சிக்குச் சித்தி எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம், புனே மழையில் நீயும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். அன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "அந்தச் சாம்பல் நிற லேப்டாப்தான் பேச்சிக்கு வேண்டும்." இவ்வளவுதான். சொன்னால் நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை நான் படித்தது தெரிந்துவிடும். ஒன்றாம் தேதிக்குள் சொந்த லேப்டாப் இருந்தால்தான் வேலை, சி.டி. போடும் வசதி கட்டாயம், போட்டுப் பார்க்க ஒரு சி.டி.யும் வைத்திருக்கிறேன், விவரம் தெரிந்தவரைக் கேட்டு வாங்குங்கள், சித்தியை மட்டும் கேட்க வேண்டாம், நாலு புத்தகம் படித்துவிட்டு எல்லாம் தெரிந்தது போலப் பேசுவார் என்று அதில் எழுதியிருந்தாய்.

புண்ணாக்குக் கடைக்காரரான உன் அப்பாவுக்கு விவரம் தெரிந்தவர் என்றால் மாட்டுத் தரகர் கருத்தப்பாண்டிதான். பெரிய செலவு எதையும் அவர் இல்லாமல் செய்ததில்லை, தையல் மிஷின் வாங்கவும் அவர்தான் வந்தார், என்னைப் பெண் பார்க்கவும் அவர்தான் வந்தார். சேக் முகைதீன் கடையில் சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய லேப்டாப் இரண்டு இருந்தன, ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல். கருத்தப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு மேசையைச் சுற்றி வந்தார். கறுப்பின் மூடியைத் திறந்து எழுத்துக்கட்டைகளைப் பல் எண்ணுவது போல எண்ணினார், நடுவில் இருந்த சிவப்புப் பொட்டைத் தடவி, "நெத்திச் சுழி சுத்தமா இருக்கு மச்சான்" என்றார். சேக் முகைதீன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மாடு இல்லண்ணே" என்றதற்கு, "பொறவு எதுக்குலே பின்னால வாலு?" என்று வயரைத் தூக்கிக் காட்டினார். சாம்பலின் விலாவில் எதையோ அழுத்தினார், சி.டி. வைக்கும் தட்டு சரக்கென்று வெளியே வந்தது. இரண்டடி பின்னால் குதித்து, "ஏ ஆத்தி, நாக்கு தள்ளுது! எம்புட்டுக் கொறச்சுக் குடுத்தாலும் இத வீட்டுக்குப் பத்திட்டுப் போயிராதீக" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு மாட்டுச் சந்தையில் செய்வது போலத் தோள் துண்டை விரித்து, அதற்குள் சேக் முகைதீனின் விரல்களைப் பிடித்து விலை பேசினார். கடைக்காரருக்கோ கூச்சம், சிரித்துச் சிரித்தே விலை இறங்கிவிட்டார். மூன்று நாளைக்குள் தீனி எடுக்காவிட்டால் உருப்படி திரும்பிவிடும் என்ற சந்தை வழக்கத்துக்கும் தலையாட்டினார். நான் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு நின்றேன். கறுப்பு, அப்பாவின் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தது.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், உன்மேல் கோபம் இருந்தது, பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலண்டரில் ஒன்றாம் தேதியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. உன் கடித உறைக்குள் இருந்த சி.டி.யை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டி, இதுதான் இதற்குத் தீனி, ஊட்டிப் பாருங்கள் என்றேன். அவர் கறுப்பை மேலும் கீழும் புரட்டி வாயைத் தேடினார், இல்லை. "அப்பொ அது நாக்கு தள்ளல, பசியில கேட்டிருக்கு" என்றார். அதன் பிறகுதான், ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். படித்தேன் என்றேன். எல்லாமேவா என்றார். எல்லாமே என்றேன். தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். அன்று மதியத்துக்குள் கருத்தப்பாண்டியையும் இழுத்துக்கொண்டுபோய் மாற்றி வந்தாயிற்று. சாம்பலுக்கு நான்தான் சி.டி. ஊட்டினேன், தின்றது. கருத்தப்பாண்டி மட்டும், "தின்னட்டும், ஆனா சுழி இல்ல" என்று முனகினார்.

வேலையில் சேர்ந்துவிட்டதாகவும், அப்பா சரியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார் என்றும் நீ எழுதியதைப் படித்தோம். அவர் பார்த்துத்தான் வாங்கினார், அதில் பொய் இல்லை. மழையில் அதை நனையவிடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, நல்ல பெயர் எடுத்து நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்றை மறந்துவிடாதே. உன் கடிதங்களை அப்பா இப்போது பிரிக்காமலே என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். எனக்குத் தெரியக்கூடாதது ஏதும் இருந்தால் கடைக்குப் போன் செய்து அவரிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் சித்தி
சண்முகத்தாய்