கட்டில் காலைக் கடைந்த கை

தூத்துக்குடி,
3-2-1961

அன்புள்ள நேசம்மாளுக்கு எபநேசர் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

நேற்று எங்கள் எதிர்க்கடைக்குக் கோவில்பட்டியிலிருந்து புதுக் கட்டில் ஒன்று வந்து இறங்கியது. காலின் அடியைப் பார்த்தேன். நம் கடைசல் பட்டறையில் மரத்தைப் பிடித்திருக்கும் கோணல் முள் குத்திய அதே தடம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமலே வழுவழுவென்று இருக்கிறது. இப்படி உளி பிடிக்கிறவன் நம் ஊரில் ஜான்பீட்டர் ஒருவன்தான். உன்னை முதலில் பெண் கேட்டு வந்தவனும் அவன்தான்.

ஒருத்தர் கயிறு இழுத்தால்தானே மரம் சுற்றும்? நான் இங்கே மோட்டாரில் மரம் கடையும் பட்டறைக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என் இடத்தில் அவனை உட்காரவைத்து நீ கயிறு இழுக்கிறாயா? மறைக்காமல் எழுது.

எபநேசர்

கோவில்பட்டி,
7-2-1961

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கண்டேன். உங்கள் தங்கை மேரிராணி வாசித்துவிட்டு, "மதினி, எங்க அண்ணனுக்குக் கோட்டி பிடிச்சிட்டு" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுசன் நம் வாசலை மிதித்ததே இல்லை.

கால்களைக் கடைந்தது நான். கயிறு இழுத்தது மேரிராணி. முதலில் கடைந்ததெல்லாம் அடுப்புக்குத்தான் போயின. கை படிந்த பிறகு உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஒன்பது வருசம் உங்களுக்குக் கயிறு இழுத்தவள் நான். உளி அழுந்தினால் கயிறு கனக்கும், அது என் தோளுக்குத் தெரியும். நீங்கள் எப்போதும் கொஞ்சம் அழுத்துவீர்கள். நான் அழுத்துவதில்லை, அவ்வளவுதான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கருவாடு கொடுத்துவிடுங்கள்.

நேசம்மாள்

தூத்துக்குடி,
12-2-1961

நேசம்மாளுக்கு,

ஜான்பீட்டர் என்று நினைத்தபோது கோபம்தான் வந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன். நீ என்று தெரிந்த பிறகு சோறு இறங்கவில்லை. அவனென்றால் சட்டையைப் பிடிக்கலாம். உன்னை என்ன செய்ய?

எதிர்க்கடை ஜஹாங்கீர் அந்தக் காலைத் தடவித் தடவிப் பார்த்து, "இந்த வேலைக்காரரை இங்கன கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்கிறார். என் வேலையை ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. பொறாமைதான், ஒளிப்பானேன்? மோட்டாரில் என் உளி எகிறுகிறது, மேஸ்திரி எல்லார் முன்னாலும் ஏசுகிறார். அங்கே நீ பேர் வாங்குகிறாய்.

ஈஸ்டருக்கு வேலையை விட்டுவிட்டு வருகிறேன். அதுவரை என் உளியைத் தொடாதே. வந்ததும் பழையபடி நீ கயிற்றைப் பிடி.

எபநேசர்

கோவில்பட்டி,
17-2-1961

அன்புள்ள அத்தானுக்கு,

வாருங்கள். உங்கள் உளிகளைத் தீட்டி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்துவிட்டேன். இனித் தொட மாட்டேன். கொல்லரிடம் சொல்லி எனக்கென்று இரண்டு உளி அடித்து வாங்கியிருக்கிறேன்.

காலையில் நீங்கள் கடையுங்கள், நான் இழுக்கிறேன். மத்தியானம் நான் கடைகிறேன், நீங்கள் இழுங்கள். இதற்கு மனசு வராதென்றால், ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு மோட்டார் பட்டறைக்கே திரும்பிப் போங்கள். எனக்கு இழுக்க மேரிராணி இருக்கிறாள்.

நேசம்மாள்