நெறி என்று நினைத்த கட்டி

கரும்புச் சோகைக்கும் மேஸ்திரி வாய்க்கும் அசராத என் மலரக்காவுக்கு,

அக்குளில் கட்டி வந்தபோது, "சோகை கைய அறுத்துச்சு, நெறி கட்டிக்கினு இருக்கு. வத்திடும் வுடுடி" என்றாய். கரும்பு இலை அறுத்துக் கையில் புண் பட்டால் அக்குளில் நெறி கட்டுவது கரும்பு வெட்டும் உங்கள் செட்டில் எல்லோருக்கும் உள்ளதுதானே. மார்பில் தொடங்கிய புற்றுநோய் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என்று யார் நினைத்தோம்?

நான் இப்போது சென்னையில் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறேன். "அங்க இன்னா வேலைடி?" என்பாய். நம் உயிரணுவுக்குள் ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டு. அதில் ஒரு நீளமான வகை புரதமே செய்யாது. வெகுநாள் அதைக் குப்பை என்றே ஒதுக்கினார்கள். ஆனால் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்பதில் அதற்கும் அதிகாரம் உண்டாம். உங்கள் மேஸ்திரி ஒரு கரும்புகூட வெட்டமாட்டார், எந்தக் கொல்லையில் கத்தி வைப்பது என்று மட்டும் சொல்வார். அந்த மாதிரிதான்.

சில புற்றுநோய்களில் இந்த வகையில் ஒன்று அளவுக்கு மீறிப் பெருகி, கட்டியை அடக்கி வைக்கும் மரபணுக்களின் வாயை அடைத்துவிடுகிறது. அப்புறம் நோய் இருந்த இடத்தில் இருப்பதில்லை. "அந்த மேஸ்திரிய வேலைய வுட்டுத் தூக்கு" என்று நீ சொல்வது கேட்கிறது. அதற்குத்தான் அக்கா மல்லுக்கட்டுகிறோம். மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

போன மாதம் ஊருக்கு வந்தேன். கல்வராயன் மலைப்பக்கம் மழை விடாததால் வெட்டு தொடங்கவில்லை. உன்னோடு ஜோடியாக வெட்டிய செல்வியக்கா அக்குளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா அது?"

"நெறி தான் பாப்பா."

"கையக் காட்டுங்க."

இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காய்ப்புதான் இருந்தது, ஒரு கீறல் இல்லை.

"எங்கக்கா அறுத்துச்சு?"

அவர் முகம் செத்துப்போனது. "மலருக்கு வந்ததா?"

"தெரியலக்கா. பாத்துடலாம், கெளம்புங்க."

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதேதான். ஆனால் இன்னும் தூரம் போகவில்லை, குணப்படுத்தப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். இந்த வாரம் மருந்து ஏற்றினார்கள். "முடி கொட்டுமாமே, மலரு இருந்தா என்னைக் கேலி பண்ணாம வுட்டு வெச்சிருப்பாளா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, வெளியே வந்து அழுதேன். நீ இல்லாதது அப்போதுதான் ரொம்ப வலித்தது.

அந்த ஆர்.என்.ஏ.வை அடக்க எத்தனை வருடம் ஆகுமோ, அதை நான் விடப்போவதில்லை. அதுவரை ஒவ்வொரு பருவத்திலும், வெட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் செட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் டாக்டரிடம் காட்டுவேன். யார் முறைத்தாலும் சரி. உன்னைக் கொடுத்தது போதும் அக்கா, இன்னொருத்தியைக் கொடுக்கமாட்டேன்.

உன் இடுப்பில் வளர்ந்த தங்கச்சி,
தேவி