சோடா குடித்த சமாதானம்

சேசு மரி சூசை

5-3-1963

அன்புள்ள மகன் சூசைநாதனுக்கு அம்மா லூர்துமேரி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்கி அதை அடித்துவிட்டேன், அடித்த இடம் மேலே தெரியும். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், பெங்களூர்க் குருமடத்துக் குளிரில் உனக்கு மார்புச்சளி மறுபடி வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், அது உண்மை. இங்கே சுகம் என்று எழுதினால் பொய். விழுப்புரத்தில் அப்பாவின் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது கை விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் அள்ளிச் சாப்பிடுகிறார், நான் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். உன் தங்கை சவுரியம்மாள் வளவனூரில் நன்றாக இருக்கிறாள், ஏழாம் மாதம், மாங்காய்க்கு அலைகிறாளாம். தை அறுப்புக்கு ஊர்க்காரர்கள் நம் சேரியில் ஒருத்தரையும் கூப்பிடவில்லை, கெடார்ப் பக்கமிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்துக்கொண்டார்கள்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொன்னார் ஆண்டவர், கேஸை முடிக்கும் ராஜிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அம்மா என்று எழுதியிருந்தாய். எழுத்து உன்னுடையதுதான், வாய் நம் பங்குச் சாமியாருடையது. அவர் உனக்கு என்ன எழுதினாரோ தெரியாது, அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன். சவேரியார் திருநாளுக்கு நாலு நாள் முன்னால் பெய்த மழையில் ஏரிக்கரைப் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. சப்பரம் வருஷா வருஷம் அந்தப் பாதையில்தான் போய்த் திரும்பும். வேறு வழி இல்லாமல் இந்த வருஷம் ஊர்த்தெருவுக்குள் திரும்பினோம். அங்காளம்மன் கோயில் வாசலில் மறித்தார்கள். தர்மகர்த்தா சின்னதுரையின் மகன் பெரியதம்பி, நின்றிருந்த மாட்டுவண்டியின் முளைக்குச்சியை உருவிக்கொண்டு வந்தான். அப்பா முன்தண்டைப் பிடித்திருந்தார். கையை எடுத்து அடியைத் தடுத்திருக்கலாம், எடுத்தால் சவேரியார் சுரூபம் கவிழ்ந்துவிடும், எடுக்கவில்லை. ஒரே இடத்தில் மூன்று அடி. சவேரியாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் அதைப் புதுமை, சவேரியார் செய்த அற்புதம் என்றார். அந்தப் புதுமை எந்தக் கையால் நடந்தது என்று சொல்லவில்லை. பிராது எழுதிக் கொடுத்தவள் நான். உபதேசியார் மகளான எனக்குப் படிப்பு ஜெபப்புத்தகத்துக்கு மட்டும்தான் என்று இரண்டு பக்கத்தாரும் நினைத்திருந்தார்கள்.

சாமியார் கெட்டவர் இல்லை, அதையும் எழுதவேண்டும். அறுப்பு இல்லாத நாளில் கோதுமையும் பால்பவுடரும் வீட்டுக்கு வீடு கொடுத்தார், அதில்தான் சேரிப் பிள்ளைகள் பிழைத்தன. அவருக்குச் சண்டை பிடிக்காது, சண்டை ஏன் வந்தது என்ற பேச்சு அதைவிடப் பிடிக்காது. அவரும் தர்மகர்த்தாவும் நாலு தடவை உட்கார்ந்து பேசி, பிப்ரவரி பதினேழாம் தேதி நம் சவேரியார் கோயில் வளாகத்தில் சமாதான விருந்து என்று முடிவு பண்ணினார்கள். ஒரே பந்தியில் இரண்டு மதத்தாரும் சாப்பிட்டால் போதும், பகை தீர்ந்துவிடும் என்று சாமியார் சொன்னார். நானும் நம்பினேன், சூசை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விடிந்ததும் போய் இருநூறு பேருக்குச் சோறு வடித்தேன். சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், பாயசம் எல்லாம் நம் பெண்கள் சமைத்தது. ஊர்க்காரர்கள் முப்பது பேர் வந்தார்கள். கையில் மாலையும் தேங்காயும், பின்னால் ஒரு வண்டியில் இரண்டு பெட்டி கோலி சோடா. சவேரியாருக்கு மாலை போட்டார்கள், சாமியாரும் சின்னதுரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், எல்லோரும் கைதட்டினோம். இலை போட்டதும் ஒருவரும் உட்காரவில்லை. மயானக்கொள்ளைக்குக் காப்புக் கட்டியிருக்கிறோம், வெளியில் கை நனைக்கக் கூடாது என்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தாங்கள் கொண்டுவந்த பாட்டிலைத் தாங்களே உடைத்துக் குடித்தார்கள். நம் பந்தியில் நாம் மட்டும் சாப்பிட்டோம். பிறர் விரதத்தை மதிப்பதும் கிறிஸ்தவ குணம்தான் என்று சாமியார் எனக்கு ஆறுதல் சொன்னார். அன்று சாயங்காலமே விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் அந்த முப்பதில் ஆறேழு பேரை நம் பூமாலை பார்த்திருக்கிறாள், அவள் அங்கேதான் பாத்திரம் தேய்க்கிறாள். வந்து சொன்னாள், "யக்கா, காப்புக் கட்டுன கையாலயே ஆட்டு எலும்ப உறிஞ்சிக்கினு இருந்தானுங்க, எச்சி இலய நான்தான் எடுத்தேன்."

விருந்து முடிந்த கையோடு சாமியார் ராஜிக் காகிதத்தை எடுத்தார். அப்பா இடது கைப் பெருவிரலை வைத்துவிட்டார், அவரைக் குறை சொல்லாதே, சேரி முழுதும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிராது கொடுத்தவள் கையெழுத்தும் வேண்டுமாம். ஒரே ஒரு வரி சேருங்கள், போடுகிறேன் என்றேன். வருகிற டிசம்பரில் சப்பரம் ஊர்த்தெரு வழியாகப் போகும், யாரும் மறிக்க மாட்டார்கள் என்று எழுதுங்கள். மன்னிப்புக்கு நிபந்தனை போடக்கூடாது மகளே என்றார் சாமியார். சின்னதுரை கோபப்படவில்லை. சிரித்தார். "எல்லாச் சாமியும் ஒண்ணுதாம்மா. தெருதான் வேற வேற" என்றார். நம் ஆட்களில் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்டாவைக் கழுவப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டிலும் நிம்மதி இல்லை, வெளியிலும் இல்லை. ராஜி கோர்ட்டில் விழும்வரை சேரிக்கு வேலை கிடையாது என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கரும்பு வெட்டு வருகிறது. பக்கத்து வீட்டு மாரியப்பன் காலையும் மாலையும் வாசலில் வந்து நிற்கிறான். "ஒரு கையெழுத்துதானேக்கா, ஜல்தியா போட்டுட்டு வா, எங்க வவுத்துல ஏன் அடிக்கிற" என்கிறான். அவன் பிள்ளைகள் என் கண் முன்னால்தான் இளைத்துக்கொண்டு இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் சாமியார் என்னை நிறுத்தினார். உன் மகனுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் முன்னால் பிஷப் வீட்டிலிருந்து குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள், கோர்ட்டு ஏறிய தாய் என்று நான் எப்படி எழுதுவது, நீயே சொல் என்றார். அவர் மிரட்டவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

சண்டைக்கும் சாமி பெயரைச் சொல்கிறார்கள், சமாதானத்துக்கும் சாமி பெயரைச் சொல்கிறார்கள், இரண்டு தடவையும் குனிய வேண்டியவர்கள் நாமாகவே இருக்கிறோம். மன்னிக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பெரியதம்பி வந்து அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்து, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பிராதைக் கிழித்திருப்பேன். அவன் சோடா குடித்துவிட்டுப் போனான். நீ அங்கே லத்தீனில் படிப்பதில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுது. பட்டம் வாங்கி முதல் பூசைக்கு நீ வரும்போது பஸ் நிற்கும் இடத்திலிருந்து மாலை போட்டு உன்னை அழைத்துவருவார்கள். ஊர்த்தெரு வழி கால் மைல்தான். ஆனால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் உன்னை ஏரிக்கரையில் சுற்றித்தான் கொண்டுவருவார்கள், உன் அம்மா கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டித்தான் அப்படிக் கொண்டுவருவார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. பதினாலாம் தேதி வியாழக்கிழமை திண்டிவனம் கோர்ட்டில் வாய்தா. முதல் பஸ்ஸில் போகிறேன். கைரேகை வைத்த பிறகு நான் எந்த முகத்தோடு வருவது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று மட்டும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

தவசுகாலம் என்று பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, பட்டினி கிடக்க இங்கே ஆட்கள் போதும். இனிமேல் பங்குச் சாமியார் விலாசத்துக்கு எழுதாதே, உறை பிரிந்து வருகிறது, பூமாலை வேலை செய்யும் ஓட்டலுக்கு எழுது, விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். என்னால் உனக்குக் கெடுதல் வந்தால் என்னை நீ மன்னிக்க வேண்டாம், கோபித்துக்கொள், ஆனால் வந்து என் முகத்துக்கு நேரே கோபித்துக்கொள். பட்டம் கொடுத்தாலும் வா, கொடுக்காமல் திருப்பி அனுப்பினாலும் வா. எப்படி வந்தாலும் ஊர்த்தெரு வழியாக வா.

இப்படிக்கு
உன் அம்மா
தே. லூர்துமேரி