தொளதொளச் சட்டை ஆட்டக்காரர்

கராஜில் பழைய பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்த ஒன்றைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. சர்க்கரையையும் துணி சோப்பையும் ஒன்றாகக் காய்ச்சினால் வருகிற நாற்றம். உள்ளே, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைக் கட்டு ஒன்று, மெழுகுத்தாள் பிரிக்காமல். பிரித்தால், அட்டைகளோடு இலவசமாக வைத்த சூயிங்கம் எந்தக் காலத்திலோ உருகி, ஒட்டி, காய்ந்து, சுண்ணாம்பாக உதிர்ந்தது. தாளை அரித்து உள்ளே போன ஒரு கரப்பான் நடுவில் செத்துப் பதிந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீர் பக்கத்தில் இருந்திருந்தால் கரப்பானைச் சுண்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு துண்டை வாயில் போட்டிருப்பீர்.

நீர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ‘நீர்’கூட உம்மிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். நான் விருதுநகரில் பிறந்து, சிங்கப்பூரில் கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றி, அங்கிருந்து மெல்பர்னுக்கு வந்தவன். நீர் யாழ்ப்பாணத்தில் நில அளவை படித்துவிட்டு, இங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நின்றவர். நமக்குப் பொதுவாக இருந்தது மொழி ஒன்றுதான். அதிலும் பாதி எனக்கு விளங்கவில்லை; போயிட்டு வர்றேன் என்பதை நீர் ‘போட்டு வாறன்’ என்பீர், எதைப் போட்டு என்று கேட்பேன். எங்கள் ஊர்க் கடைக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, என்னை ‘அண்ணாச்சி’ என்று கேலியாகக் கூப்பிட்டீர். விஷயம் கொஞ்சம் முக்கியமானால் ‘ஐசே’. நான் உம்மை ‘யோவ்’ என்றேன். எழுபதுகளின் நடுவில் அந்த வட்டாரத்தில் தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. இருப்பதை வைத்துச் சமாளித்தோம்.

கிளேட்டனில் என் கடை. பால், ரொட்டி, செய்தித்தாள், மிட்டாய் விற்கிற மூலைக்கடைக்கு இங்கே மில்க் பார் என்று பெயர். இறக்குமதிக்காரர் ஒருவர் தொழிலை மூடியபோது, அவர் சரக்குக் கிட்டங்கியில் கிடந்த அமெரிக்க பேஸ்பால் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக அள்ளி வந்தேன். மலிவு என்றால் எனக்குக் கண் தெரியாது. வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் கால்பந்து வீரர்களின் அட்டையைத் தவிர வேறெதையும் சீண்டமாட்டார்கள் என்று. பேஸ்பால் அட்டைகளைத் தேடி எறும்பு மட்டும் வந்தது. அப்புறம் நீர் வந்தீர்.

வேலை முடிந்து நேரே வந்து, கவிழ்த்துப்போட்ட பால் கிரேட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டாகப் பிரிப்பீர். ஓட்டுச் சில்லு மாதிரி இருக்கிற அந்தச் சூயிங்கம் உம் வாய்க்குள் நறநறவென்று உடையும் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். பெயர் பெற்றவன், நிறைய அடித்தவன் எல்லாரையும் தள்ளிவிட்டு, கோணலானவர்களை மட்டும் பொறுக்கி வைத்தீர். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவன். மட்டையைத் தலைகீழாகப் பிடித்து, படமெடுக்க வந்தவனை ஏமாற்றிவிட்டு விறைப்பாக நிற்கிறவன். முன்னால் ஒருவன் வீரப் பார்வை பார்க்க, பின்னால் நின்று மூக்கைக் குடைகிறவன். துப்பப்போகும் நொடியில், கன்னம் உப்பி, பிடிபட்டவன்.

“என்னய்யா கருமம் இது,” என்றேன். “ஆட்டம்னு சொல்லிட்டு நிக்கிறான், சொறியிறான், துப்புறான்.”

“அதுதான் ஐசே ஆட்டம். அடிக்கிறது இடைக்கிடைதான். மிச்ச நேரம் முழுக்கப் பகிடி.”

“இதைப் போயி எவனாவது சேர்த்து வைப்பானா?”

நீர் அந்த எச்சில்காரனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர். “நல்ல படத்திலை ஆள் ஒளிச்சிடுவான், அண்ணாச்சி. பிழையாப் போன படத்திலைதான் பிடிபடுவான்.”

கிரிக்கெட் ஆடத்தான் நீர் அந்தக் கிளப்பில் சேர்ந்தீர். குளிர்காலம் வந்தால் அதே ஆட்கள் அதே புல்லில் பேஸ்பால் ஆடுவார்கள். பள்ளிக்கூடத்தில் விக்கெட் கீப்பராக இருந்தவர் என்பதால், உம்மை மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி மாட்டிக் குந்தவைத்தார்கள். சனிக்கிழமைதோறும் அவர்களுக்கு சோடா கிரேட் இறக்கப் போகிறவன் நான். அந்த உடைமாற்றும் அறையை நினைத்தால் இப்போதும் மூக்கைப் பொத்தத் தோன்றுகிறது. ஈரக் காலுறை, புளித்த பீர், சுவரோரமெல்லாம் எச்சில். பந்து பிடிக்கிற உம் தோல் கையுறையை ஒருநாள் எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவினேன்.

கிளப் கட்டடம் ஒழுகியது. கூரை மாற்ற நிதி திரட்ட வேண்டும் என்றார்கள். நம் ஆட்டக்காரர்களையே அட்டை போட்டு விற்கலாம் என்று நீர்தான் யோசனை சொன்னீர். அச்சகம் நான் பிடித்தேன். அட்டையோடு வைக்க, விற்காத சூயிங்கம் என்னிடம் மலையாக இருந்தது.

படமெடுக்கிற நாளுக்கு முந்தின நாள் கடைக்கு வந்தீர். நாளைக்கு ஷிப்ட் விழுந்துவிட்டது என்றீர்.

“நீர் போய் நில்லும்.”

“எங்க?”

“எனக்குப் பதிலா. என்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு.”

“யோவ், நான் உம்ம தோளுக்குக்கூட வரமாட்டேன். உமக்கு மீசை கிடையாது. எனக்கு வயிறு வேற இருக்கு.”

“அவங்கள் வயிறு பாக்கமாட்டாங்கள்.”

“மூஞ்சியப் பார்ப்பானுங்கல்ல?”

வாயிலிருந்ததை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினீர். “போய்த்தான் பாருமன்,” என்றீர்.

போன வேகத்தில் சிரித்துத் துரத்திவிடுவார்கள், உமக்கும் ஒரு பகிடி ஆயிற்று என்று நினைத்துத்தான் போனேன். உம் சட்டை என் முழங்காலைத் தொட்டது. கைகள் விரல்நுனி வரை மூடின. முகம் தெரியவேண்டும், முகமூடி வேண்டாம் என்று படமெடுப்பவர் சொல்லிவிட்டார். வெறும் முகத்தோடு வரிசையில் நின்றேன். வந்தவர்களெல்லாம் உம் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்கள். ஒருவன் முதுகில் தட்டி, போன வாரம் நீர் விட்ட பந்தைப் பற்றிக் கேலி பேசினான். கடைசியில் கிளப் செயலாளர் வந்தார். செம்பட்டைத் தலை, நெட்டை மனிதர். வாராவாரம் என் கையிலிருந்து சோடா பில்லை வாங்குகிறவர். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்:

“எங்கே உன் சிநேகிதன், அந்தக் கடைக்காரன்? சோடா இன்னும் வரவில்லையே, மேட்?”

“வருவான்,” என்றேன்.

படம் எடுத்தார்கள். வெளியே வந்தால், சாலைக்கு எதிர்ப்பக்கம் உம் கார். கண்ணாடியை இறக்கிவிட்டு நீர் உட்கார்ந்திருக்கிறீர். ஷிப்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

“ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“சோடா கேட்டான்.”

ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் உம் வேர்வை வாடை, உள்ளே அதைவிட மோசமான ஏதோ ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக உம் சிரிப்பும் வற்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தீர்.

“மூண்டு வருசமா இவங்களோடை ஆடுறன், ஐசே.”

அந்தச் சட்டையைக் கழற்றி அவர்கள் முகத்தில் எறிந்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். நீர் என் கையைப் பிடித்தீர். “வேண்டாம். ஒருத்தருக்கும் சொல்லாதையும். அவங்களாக் கண்டுபிடிக்கட்டும்.”

அட்டை வந்தது. முன்பக்கம் என் முகம், அதன் கீழே உம் பெயர், பின்பக்கம் உம் உயரம். என் கையாலேயே என் முகத்தை விற்றேன். வாங்கியவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள், என்னிடம் சில்லறை வாங்கிக்கொண்டு போனார்கள். நீர் கிரேட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் வேடிக்கை பார்த்தீர். முதலில் அது வேடிக்கைதான். போகப்போக நீர் பார்த்தவிதம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

எனக்கு அந்தக் கிளப்பே வெறுத்துப்போயிற்று. நீர் முழங்கால் போகும்வரை ஆடினீர். ஏன் என்று கேட்டால், “பந்து நல்லா வருது,” என்பீர். பிறகு நான் கடையை விற்று வேறு கடை வாங்கினேன், அதையும் விற்றேன், நாம் இருவரும் மல்கிரேவ் பக்கம் வீடு கட்டினோம். எங்கே பார்த்தாலும் உம் முதல் கேள்வி அதுதான். “கண்டுபிடிச்சிட்டாங்களோ?” நான், “இன்னும் இல்ல,” என்பேன். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் அதையே கேட்டீர். இல்லை என்றேன். “பாப்பம்,” என்றீர்.

போன மாதம், பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறோம் என்று கிளப்பிலிருந்து உம் மனைவிக்கு அழைப்பு வந்தது. அவரை நான்தான் காரில் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் சுவர் நடுவில், ஆளுயரச் சட்டத்துக்குள், நான். அந்த அட்டையைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள்.

அட்டை சேர்க்கிறவர் ஒருவர் வந்திருந்தார். அதே அட்டையைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்குக்குள் போட்டு ஒட்டி, சாமி படம் மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த சூயிங்கம் கறையைக்கூடப் பெருமையாகக் காட்டினார். “எங்கள் வட்டாரத்தில் இதற்குத் தொளதொளச் சட்டை ஆட்டக்காரர் என்று பெயர். இந்தச் சட்டையைப் பாருங்கள், இதுதான் இதில் விசேஷம்,” என்று என்னிடமே விளக்கினார். நீர் பொறுக்கிய கோணல்களைப் பார்த்து நீர் சிரித்தீர். இவர் சிரிக்கக்கூட இல்லை. மூடி ஒட்டிய பொருளின் தரத்தைப் பேசினார். எனக்கு அந்தப் பழைய நாற்றம் நாக்கில் ஏறியது.

செயலாளர் தலை இப்போது முழு வெள்ளை. நம் வழக்கம் என்ன என்று யாரிடமோ விசாரித்து, டான்டினோங் இந்தியக் கடையில் தானே போய் ஒரு மாலை வாங்கி வந்திருந்தார். இரண்டு கையாலும் அதை உம் மனைவியிடம் கொடுத்து, படத்துக்குப் போடச் சொன்னார். நல்ல மனிதர்தான். அதனால்தான் இன்னும் குமட்டியது.

உம் மனைவி மாலையோடு நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அண்ணை,” என்றார் மெதுவாக, “இது நீங்களெல்லோ?”

“ஆமாம்மா.”

“அப்ப இவர் எங்கை?”

அவரிடம்கூட நீர் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உமக்குக் கொடுத்த வாக்கை என் வாயால் உடைக்க மனசில்லை. அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்றீரே, சரி, கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று நான் படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். மேலே விளக்கு எரிந்தது. முகத்தை நன்றாகத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு சிரித்த முகமாக நின்றார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர், “கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்களா, படம் மறைகிறது,” என்றார்.

நான் ராகுகாலத்தில் ஷட்டர் தூக்காதவன். என் படத்துக்கு மாலை விழப்போகிறது. அதைவிட, உமக்கு விழவேண்டிய மாலை உமக்கு விழப்போவதில்லை.

“உயிரோடை இருக்கிற மனுசன்ரை படத்துக்கு நான் மாலை போடமாட்டன்,” என்று உம் மனைவி சொல்லிவிட்டார். “இவையள் ஆரெண்டு நினைச்சு இத்தினை நாளும் இவரோடை விளையாடினவை?”

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. செயலாளரிடம் போய், இது அவர் இல்லை, நான் என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இத்தனை காலத்தில் அந்தக் கிளப்பில் ஒருவர் என் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கவலையோடு கேட்டார்:

“உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?”

என்னையறியாமல் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் உம் கார் நிற்கிறதா என்று.

அட்டை சேர்க்கிறவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆள் மாறிய அட்டை என்றால் இன்னும் அபூர்வமாம். அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். உம் மனைவி மட்டும் மூலையில் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே உம் கையுறை, கறுத்து, வெடித்து, உம் கை வடிவத்திலேயே குழிந்து கிடந்தது. திறக்கச் சொன்னார். திறந்ததும் நாற்றம் வந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். அவர் நகரவில்லை. மாலையை அதற்குப் போட்டார். அந்தக் கட்டடத்தில் உண்மையாக உம்முடையது அது ஒன்றுதான்.

போன வாரம், சுவரில் மாட்ட உம் படத்தைக் கிளப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உம் மனைவி, நீர் கோட்டு போட்ட படம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். நான் ஆல்பத்தைப் புரட்டி வேறொன்றைக் கேட்டேன். அதில் நீர் ஊதிய சூயிங்கம் குமிழ் வெடித்து மூக்கில் அப்பியிருக்கிறது, ஒரு கண் மூடியிருக்கிறது, மற்றது அகலத் திறந்திருக்கிறது. பார்க்கவே சகிக்காது. “இதையோ அண்ணை?” என்றார். “இதைத்தாம்மா,” என்றேன். நல்ல படத்தில் நீர் ஒளிந்துகொள்வீர்.

செயலாளர் தன் கையாலேயே அதை மாட்டினார். வெகுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார், மனதாரத்தான் கேட்டார். என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நான் காரை நோக்கி நடக்கும்போது பின்னாலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார், நன்றி, பத்திரமாகப் போய் வா, மேட் என்று. கூப்பிட்டது உம் பெயரைச் சொல்லி.

கார்க் கதவில் கை வைத்தபடி நின்றேன். வாயில் கசப்பு ஊறியது. திரும்பிப்போய்த் திருத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இந்த ஊரில் இனி யார் இருக்கிறார்கள்?

திரும்பிப் பார்த்தேன். கையை உயர்த்தினேன்.

“போட்டு வாறன்,” என்றேன்.